இரண்டாம் மாடி உப்பு

என் படிப்பை நிறுத்தியது உப்பு.

சிரிக்காதீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒஸ்லோவில் வந்து இறங்கிய பிள்ளைகள் நாம். இப்போது நமக்கு முழங்கால் நோகிறது. வாசிக்கக் கண்ணாடி தேடுகிறோம். கல்யாண மண்டபத்தில் சந்தித்தால் சின்ன வயதைப் பற்றிக் கதைக்கிறோம். முதல் பனி, முதல் சறுக்கல், யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட். நல்லதை மட்டும் கதைக்கிறோம். எனக்கு அது அலுத்துவிட்டது.

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. எழுதுகிறவளும் இல்லை. போன பனிக்காலம் அப்பா செத்தார். எரித்துவிட்டு வந்த அன்று என் வாசலில் நடந்த ஒன்று நெஞ்சுக்குள் நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பழைய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நகரத்தின் கிழக்கில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தோம். இரண்டாம் மாடி. படியேறி வந்தால் இரண்டு கதவுகள், ஒன்றையொன்று பார்த்தபடி. படிக்கட்டில் எப்போதும் பச்சைச் சவர்க்காரமும் நனைந்த கம்பளிக் கையுறையும் யாரோ அவித்த மீனும் கலந்து மணக்கும். இரண்டு கதவுக்கும் நடுவே சுவரில் ஓர் இரும்பு மூடி. அதைத் திறந்து குப்பைப் பையைப் போட்டால் குழாய் வழியே நிலவறை வரை விழும். விழுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும்.

அம்மா காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவார். அப்பா ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். தம்பிக்கு இரண்டு வயது. பாலர் பாடசாலையில் இடம் கிடைக்கவில்லை.

பெரியப்பா அப்பாவின் தமையன். எங்களுக்கு முதலே வந்தவர். தூர வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் உப்புக்குள் நின்று வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர். எங்களைக் கூப்பிட்டவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். அவருக்கு முன்னால் அப்பா கதிரையில் சாய்ந்துகூட இருக்கமாட்டார்.

எதிர்க்கதவு யப்பான்காரி ஒருவருடையது. அறுபது வயது இருக்கும். அவருடைய கணவர் நோர்வேக்காரர், கப்பலில் போனவர். எந்தத் துறைமுகத்திலோ கண்டு கூட்டிவந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அம்மா வேலைக்குப் போகும் நேரம் தம்பியை அவர் வைத்திருப்பார். யார் கேட்டது, யார் ஒத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் காலை அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கதவில் நின்றார். கதவு திறந்தது. அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூடத்தால் வந்து தம்பியை எடுக்கப் போவேன். எதிர்வீட்டு அம்மா எனக்கும் ஏதாவது சாப்பிடத் தருவார். முதல் நாள் ஒரு சோற்று உருண்டை. அதைச் சுற்றிக் கறுத்தக் கடதாசி போல ஏதோ. கடித்தேன். கடல் நாற்றம்.

"சீ" என்றேன்.

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் அந்தச் சொல் சொன்னாய்?" என்று நோர்வே மொழியில் கேட்டார்.

"பிடிக்கவில்லை என்று அர்த்தம்."

"எங்கள் மொழியில் அது சாவு."

பிறகு நாலு விரலைக் காட்டினார். நாலுக்கும் அதே சொல்லாம். அதனால் அவர்கள் நாலாக எதையும் கொடுக்கமாட்டார்களாம். எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. தம்பி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான். எதைக் கண்டாலும் சீ, சீ, சீ. அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "மூன்றோடு நிற்பாட்டு" என்பார்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மரவேலை இருந்தது. நான் கெட்டிக்காரி இல்லை. எழுத்து வராது, கணக்கு அரைகுறை. ஆனால் மரம் எனக்குச் சொன்னபடி கேட்டது. வாளைப் பிடித்தால் கோடு தவறாது. தம்பி இருக்க ஒரு சின்ன ஆசனம் செய்யத் தொடங்கினேன். நாலு கால் வைப்பதாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா வீட்டில்தான் அது இருக்கப் போகிறது என்பதால் மூன்று கால் போதும் என்று வாத்தியாரிடம் சொன்னேன்.

"நல்லது. மூன்று கால் ஒருநாளும் ஆடாது" என்றார் அவர். "நீ பெரியவளானதும் இந்த வேலைக்குப் படி. உனக்குக் கை இருக்கிறது."

என்னிடம் ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னது அதுதான் முதல் தடவை. வீட்டில் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்குகிற பொருளைப் பார்ப்பது போல. பிறகு தலையாட்டினார்.

அம்மாவுக்கு முதலில் அவரில் நம்பிக்கை இல்லை. ஒரு நாள் நான் தம்பியை எடுக்கப் போனபோது அம்மாவும் வந்தார். தம்பி தரையில் மெத்தையில் நித்திரை. உருண்டு உருண்டு தலை யன்னல் பக்கம் போயிருந்தது. எதிர்வீட்டு அம்மா குனிந்து மெத்தையோடு அவனைத் திருப்பினார். யன்னலைக் காட்டினார். "வடக்கு" என்றார். கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். பிணத்தைத்தான் அப்படிக் கிடத்துவார்களாம்.

அம்மா வாயில் கைவைத்தார்.

"பாத்தியே. எங்கடை ஆக்கள் மாதிரியே" என்றார் என்னிடம். அன்றிலிருந்து அவரை "யப்பான் அக்கா" என்று கூப்பிடத் தொடங்கினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஒரு பயம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

இன்னொன்றும் அவர் எனக்குக் காட்டினார். மூன்று பேரும் கடைக்குப் போகும்போது தெருவில் பிரேதம் கொண்டுபோகும் கறுத்தக் கார் போனது. அவர் சட்டென்று இரண்டு பெருவிரலையும் உள்ளங்கைக்குள் மடித்து மூடினார். என்னையும் மூடச் சொன்னார். பெருவிரல்தான் பெற்றோர் விரலாம். மறைக்காவிட்டால் சாவு பார்த்துவிடுமாம், அம்மா அப்பாவைக் கொண்டுபோய்விடுமாம். நான் மூடினேன். தம்பியின் விரலையும் மடித்துப் பிடித்தேன். அவன் கத்தினான். அதன்பிறகு எந்தக் கறுத்தக் காரைக் கண்டாலும் மூடினேன். டாக்சிக்கும் மூடியிருக்கிறேன்.

அந்தப் பனிக்காலம் அவருடைய கணவர் செத்தார். கன நாளாக இருமிக்கொண்டிருந்தவர். தம்பியை மடியில் வைத்துப் பைப்பைச் சப்பக் கொடுப்பார், நெருப்பில்லாமல். செத்த அன்று காலை, வெளியே அவ்வளவு குளிர், அவர்கள் வீட்டு யன்னல் விரியத் திறந்திருந்தது. வந்து பார்த்த நோர்வே நேர்ஸ் திறந்துவிட்டதாம். உயிர் வெளியே போக வேண்டுமாம். கீழே முற்றத்தில் வக்ட்மேஸ்தர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதர், கொடியைப் பாதிக் கம்பத்தில் ஏற்றிவிட்டார்.

பெரியம்மா ரெலிபோனில் அம்மாவுக்குச் சொன்னார். "துடக்கு வீடு. ஒரு மாதத்துக்குப் பிள்ளையை அங்கை விடாதை."

அம்மா "ஓம்" என்றார். அடுத்த நாளும் வேலைக்குப் போக வேண்டும். விட்டார்.

அம்மாவும் நானும் துக்கம் விசாரிக்கப் போனோம். எதிர்வீட்டு அம்மா கறுத்த உடுப்பில் இருந்தார். தேத்தண்ணி தந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழும்பி ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியே வந்தார். நானும் வந்தேன். அவர் கதவடியில் குனிந்து வணங்கியபடி நின்றார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அவர் என்னிடம் கேட்டார். "உன் அம்மாவுக்கு என்னில் கோபமா? போகும்போது ஒன்றும் சொல்லவில்லையே."

"செத்த வீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. திரும்பி வந்தால் இன்னொரு சாவு என்று அர்த்தம்" என்றேன்.

அவர் "ஆ" என்றார். நெஞ்சில் கைவைத்தார். "நல்ல வழக்கம்" என்றார்.

இதை நினைவில் வையுங்கள். அவருக்கு விளங்கவில்லை. கேட்டார். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டார். அது சொன்னதை நம்பினார்.

அடக்கம் முடிந்து அவர் படியேறி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையோடு எங்கள் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். கிட்ட வராதே என்று கைகாட்டினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம் எடுத்தார். உப்பு. தோளில், முதுகில், காலில் தூவிக்கொண்டார். பிறகுதான் தன் வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் நீலப் பூப்போட்ட சின்னத் தட்டுகள். என் உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் உப்பைக் குவித்துக் கூம்பு போல விரலால் தட்டி வைத்திருந்தார். தன் கதவின் இரு பக்கமும் இரண்டு வைத்தார். எங்கள் கதவின் இரு பக்கமும் இரண்டு வைத்தார்.

"என்ன இது?" என்றேன்.

"சாவு உள்ளே வராது."

"எங்கள் வீட்டுக்கு ஏன்?"

"அவர் உன் தம்பியில் ஆசையாக இருந்தவர். பிள்ளையைப் பார்க்க வந்துவிடுவார். வரக்கூடாது."

தான் நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரைத்தான் சொன்னார். எங்கள் தம்பிக்காக அவரை வாசலில் மறித்தார்.

அந்தக் கிழமை மழை பெய்து, அதன் மேல் உறைந்து, முற்றம் கண்ணாடியாகக் கிடந்தது. வக்ட்மேஸ்தருக்குக் காய்ச்சல். உப்பும் போடவில்லை, மணலும் போடவில்லை. அடுத்த நாள் காலை அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுப் போனவர் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கோப்பை கழுவுகிற கை.

பின்னேரம் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். பெரியப்பா உள்ளே வரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன இது?"

"உப்பு" என்றேன்.

"உப்பெண்டு எனக்குத் தெரியுது. ஆர் வைச்சது?"

அம்மா ஓடி வந்தார். "அது ஐஸுக்குப் போடுற உப்பாயிருக்கும், அத்தான்."

"இரண்டாம் மாடியிலை ஐஸ் இருக்கே? தட்டிலை குவிச்சோ போடுறவங்கள்?"

பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நான் அண்டைக்கே சொன்னனான். புருசன் செத்த வீடு, பிள்ளையை விடாதை எண்டு. கேட்டாளே இவள். தன்ரை சனியனைத் தட்டிலை போட்டு இஞ்சை தள்ளிவிட்டிருக்கிறாள்."

"பெரியப்பா, அது நல்லதுக்கு வைச்சது" என்றேன். "சாவு உள்ளை வராமல். அவ எனக்குச் சொன்னவ."

"என்ன பாசையிலை சொன்னவ?"

"நொஸ்க்கிலை." நோர்வே மொழியை வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

"யப்பான்காரி நொஸ்க்கிலை சொல்ல, அது உனக்கு விளங்கி, நீ எனக்குத் தமிழிலை சொல்லுறாய்." சிரித்தார். "மூண்டு பாசை தாண்டி வரேக்கை பேய்க்கே வழி தவறிப் போகும் பிள்ளை. போ உள்ளை."

அப்பா சோபாவில் கட்டுப்போட்ட கையோடு கிடந்தார். "அண்ணை, நான் ஐஸிலை வழுக்கித்தான்..." என்றார்.

"இந்தக் கட்டடத்திலை எத்தினை பேர் அதாலை போனவை இண்டைக்கு? உனக்கு மட்டும் ஏன் வழுக்கினது?"

அந்தக் கேள்விக்கு யாருக்கும் மறுமொழி இல்லை. அதனால்தான் அப்படிப்பட்டவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

வெளியே உப்பு இல்லாததால் அப்பா விழுந்தார். வாசலில் உப்பு இருந்ததால் விழுந்தார் என்றார் பெரியப்பா. ஒரு வீட்டில் நாலு பெரியவர்கள். அதில் மூன்று பேருக்கு உண்மை தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா சொன்னதுதான் நின்றது.

பெரியப்பா பழைய பேப்பரைக் கையில் சுற்றிக்கொண்டார். வருடக்கணக்கில் உப்பை அள்ளி மீனில் கொட்டிய கை. இப்போது தொடப் பயந்தது. இரண்டு தட்டையும் பேப்பரோடு தூக்கி இரும்பு மூடியைத் திறந்து குழாயில் போட்டார். முதலாம் மாடியில் ஒரு அடி. கீழ்த்தளத்தில் ஒரு அடி. நிலவறையில் உடைந்த சத்தம். எதிர்க்கதவில் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி ஓட்டை இருந்தது. அதில் வெளிச்சம் மறைந்ததை நான் கண்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெரியம்மா எங்கள் குசினிக்குள் போனார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்து தம்பியை மூன்று முறை சுற்றி மின்சார அடுப்பில் போட்டார். அந்த உப்பு நல்ல உப்பு. எதிர்வீட்டு அம்மாவும் அதே கடையில் அதே பெட்டிதான் வாங்குவார். மிளகாய் கருகி எல்லோரும் இருமினோம். கமறல் எழும்பினால் நாவூறு இல்லை என்பார்கள் நம் ஆட்கள். கண்ணால் தண்ணி வர இருமினோம். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"இனி தம்பியை ஆர் பாக்கிறது?" என்று அம்மா கேட்டார். உரத்துக்கூடக் கேட்கவில்லை.

"இவள் இருக்கிறாள்தானே" என்றார் பெரியப்பா.

"எனக்குப் பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடம் எங்கையும் ஓடிப் போகாது."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கைக்கட்டைப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கு எதிர்வீட்டு அம்மா எங்கள் கதவைத் தட்டினார். அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா உள் அறையில். கதவைத் திறக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தது. தம்பி கதவடிக்கு ஓடிப் போய்த் தட்டினான். அந்தப் பக்கம் அவர் தட்டினார். இந்தப் பக்கம் அவன் தட்டினான். அவனுக்கு அது விளையாட்டு. "சீ, சீ" என்று கத்தினான். வெளியே சத்தம் நின்றுவிட்டது.

அவர் நினைத்தது என்னவாக இருக்கும் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். கணவர் செத்த கிழமை. தான் வைத்த உப்பைக் குப்பையில் போட்ட வீடு. உள்ளேயிருந்து பிள்ளை சாவு சாவு என்கிறான்.

இன்னொரு நாள் எங்கள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. மூன்று தோடம்பழம். பெரியம்மா வந்திருந்தார். அதுவும் குழாயில் போனது. மெத்தென்று விழுந்தது.

வசந்தம் தொடங்கும்போது அவர் வீட்டை விட்டுவிட்டுப் போனார். கணவரின் தங்கை ஹம்மர்பெஸ்டில் இருந்தாராம். பெரியப்பாவுக்கு அது கேட்டு ஒரே சிரிப்பு. "அங்கை போய் மீனுக்குச் சூனியம் வைக்கட்டும்" என்றார். அப்பாவும் சிரித்தார். சேர்ந்து சிரித்தார்.

சாமான் ஏற்றிய வான் வண்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்பதை யன்னலால் பார்த்தேன். தம்பி என் இடுப்பில். அவர் நிமிர்ந்து பார்த்தார். கைகாட்டவில்லை. இரண்டு கையையும் தூக்கி, பெருவிரலை உள்ளே மடித்து மூடிக் காட்டினார். உன் அம்மா அப்பாவைக் காப்பாற்று என்று அர்த்தம். அந்த அம்மா அப்பாவை.

பள்ளிக்கூடத்திலிருந்து ரெலிபோன் வரும். அப்பா "சிக்" என்பார். வருத்தம், சுகமில்லை என்று. நோர்வே மொழியில் அவர் ஒழுங்காகச் சொன்ன சொல் அது ஒன்றுதான். நான் போன நாளை விடப் போகாத நாள்தான் அதிகம். போன நாளில் ஒன்றும் விளங்காது. தம்பிக்குப் பாலர் பாடசாலையில் இடம் கிடைத்தபோது நான் வகுப்பில் கடைசி வரிசை. பிறகு பெயருக்குப் போய் வந்தேன். மரவேலை அறையில் என் ஆசனம் அலுமாரித் தட்டில் கிடந்தது. இரண்டு கால் வைத்திருந்தேன். மூன்றாவது வைக்கவில்லை. வருட முடிவில் தட்டைத் துப்புரவாக்கினார்கள்.

மரவேலைப் பள்ளிக்கூடத்துக்குப் புள்ளி போதவில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை எடுத்தேன். இன்றும் அங்கேதான். துவாய், படுக்கை விரிப்பு, இரவு உடுப்பு. சாவு என்றால் என்னிடம் முதலில் வருவது விரிப்பு. அதனால் எனக்கு அந்த இல்லத்தில் எல்லோருடைய பயமும் தெரியும். நோர்வே நேர்ஸ்மார் யன்னலைத் திறப்பார்கள். போலந்துக்காரி கண்ணாடிக்கு என்னிடம் துணி கேட்டு வாங்கி மூடுவாள். பிலிப்பைன்ஸ் பிள்ளை, செத்த வீட்டுக்குப் போனால் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள், எங்காவது கோப்பி குடித்துவிட்டுத்தான் போவாள், பின்னால் வருவது வழி தவற வேண்டுமாம். நம் பிள்ளை ஒருத்தி கட்டிலின் தலைமாடு எந்தத் திசை என்று பார்ப்பாள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். "ஏன் அப்படிச் செய்கிறாய்?" "இதனால்." "ஓகோ." முடிந்தது. யாரும் யாருடைய தட்டையும் குழாயில் போடவில்லை. இவ்வளவு சுகமான வேலை அது. ஒரு கேள்வி.

தம்பி படித்தான். லில்லெஸ்ட்ரோமில் வீடு, இரண்டு கார், நல்ல பிள்ளை. எதிர்வீட்டு அம்மாவைப் பற்றிக் கேட்டால், "ஆரக்கா அது?" என்கிறான். அவன் மேல் கோபம் இல்லை. இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா போய்ச் சில வருடம். அதற்கு முன் ஒரு நாள், மோர்டென்ஸ்ருட்டில் என் குசினியில், கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டு நின்றவர், கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அவ கெட்டவ இல்லை" என்றார். "எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் அடுப்பை நூர்த்துவிட்டு வெளியே போய் நின்றேன். அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் அவரை மன்னித்திருந்தேன்.

இனி அப்பா. கடைசி வருடங்கள் என்னோடுதான் இருந்தார். மணிக்கட்டு பனிக்காலத்தில் நோகும். நான் எண்ணெய் பூசிவிடுவேன். அந்த நாளைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கறுத்தக் கார் அப்பாவைக் கொண்டுபோனபோது என் கையைப் பார்த்தேன். பெருவிரல் தானாக உள்ளே போய்விட்டது. இழுத்து வெளியே எடுத்தேன். மறைக்க இனி யாரும் இல்லை.

எரித்துவிட்டு ஆட்கள் என் வீட்டுக்கு வருவார்கள். என் வீடு வரிசை வீடு. வாசல்படி வெளியே, கல். நான் முதல் வந்து கால் கழுவத் தண்ணி வைத்தேன், நம் வழக்கம். பிறகு குசினிக்குள் போய் உப்புப் பெட்டியை எடுத்து வந்தேன். படியின் இரு பக்கமும் குவித்தேன். விரலால் தட்டிக் கூம்பாக்கினேன். தட்டு வைக்கவில்லை. தட்டு குழாயில் போய்விட்டது.

பெரியப்பாவும் வருவார் என்று தெரியும். அவருக்காகத்தான் வைத்தேன். மறைக்க விருப்பமில்லை. அவர் கண்டு, நின்று, "என்ன இது?" என்று கேட்க வேண்டும். நான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொற்களை நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தேன், சலவை அறையில் விரிப்பு அடுக்குவது போல.

வந்தார். எண்பது தாண்டிவிட்டது. தம்பி கையைப் பிடித்துக் காரால் இறக்கினான். படியடியில் நின்றார். குனிந்து பார்த்தார். நான் கதவில் நின்றேன்.

சப்பாத்தால் ஒரு குவியலை மிதித்துப் பரவினார். மற்றதையும் பரவினார். காலை ஊன்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்றார். "உப்புப் போடாட்டில் ஆரும் விழுந்திருப்பினம். கொப்பரும் அந்தப் பழைய வீட்டிலை, முத்தத்திலை உப்புப் போடாமல்தானே விழுந்து கை முறிச்சவர். பாவம், கடைசி மட்டும் அந்த நோ."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது எப்போதோ தெரிந்துவிட்டு, தெரியாமல் இருந்த நாளை மறந்திருக்கிறார். அவருடைய நினைவில் யப்பான்காரி இல்லை. தட்டு இல்லை. நான் இல்லை. ஐஸ் மட்டும் இருக்கிறது.

அடுக்கி வைத்த சொல் ஒன்றும் வரவில்லை. அவர் என்னைத் தாண்டி உள்ளே போய் இருந்தார். சோபாவில், அப்பா இருக்கிற மூலையில்.

"ஒரு தேத்தண்ணி தா பிள்ளை. சீனி போடாதை, எனக்குச் சலரோகம்."

"போடமாட்டன், பெரியப்பா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். சூடு ஆறும் வரை பிடித்திருந்தார். தம்பியிடம் லில்லெஸ்ட்ரோம் வீட்டைப் பற்றி விசாரித்தார். பிறகு ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"உப்பு" என்றேன்.